வண்டிக்கும் வழி, தண்ணீருக்கும் வழி



சென்னையில் பிள்ளையோ பெண்ணோ வேலை பார்க்காத வீடு நம் டெல்டாப் பக்கத்தில் குறைவு. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வருகிறேன் என்று போன் வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி என்ன? "எந்த வழியா வர்றே?" சில காலம் முன்பு வரை கும்பகோணம் வழி என்றால் பண்ருட்டியில் வண்டி நிற்கும், வடலூரில் நிற்கும், அணைக்கரையில் கட்டாயம் நிற்கும். சிதம்பரம் வழி என்றால் கடலூரில் நிற்கும், சீர்காழியில் நிற்கும். எந்த வழியில் வந்தாலும் ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு.

அணைக்கரையை மறக்க முடியுமா? கொள்ளிடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. மாட்டு வண்டிக் காலத்து அகலம். பாலம் பழுதாகிக் கனரக வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். இந்தப் பக்கம் வரிசை போனால் அந்தப் பக்கம் வரிசை காத்திருக்கும். லாரிகள் சுற்றிப் போயின. சுற்றிப் போன ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டீசல் காசு யார் கொடுத்தது? சிமெண்ட் மூட்டையின் விலையிலும் உர மூட்டையின் விலையிலும் சேர்த்து நாம்தான் கொடுத்தோம்.

அந்தக் கஷ்டம் இப்போது பெருமளவு தீர்ந்திருக்கிறது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நால்வழிச் சாலையில் சோழபுரம் முதல் தஞ்சாவூர் வரையிலான 48 கி.மீ. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கி.மீ. அதே வருடம் ஜூலை 26-ஆம் தேதி திறக்கப்பட்டது. செலவு 2,350 கோடி ரூபாய்க்கு மேல். மூன்று புறவழிச்சாலைகள், கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நால்வழிப் பாலம். இந்த ஒரு பகுதியில் மட்டும் 45 நிமிடம் மிச்சம் என்று அரசு சொல்கிறது. கடற்கரைப் பக்கமும் வேலை ஆகியிருக்கிறது. விழுப்புரம்–புதுச்சேரி 29 கி.மீ., கடலூர் பக்கத்துப் பூண்டியாங்குப்பத்திலிருந்து சீர்காழி சட்டநாதபுரம் வரை 57 கி.மீ., இரண்டும் அதே ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டவைதான்.

சந்தோஷம். மனதாரச் சொல்கிறோம், சந்தோஷம்.

ஆனால் நம் ஊருக்கு? நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேளாங்கண்ணி தாண்டி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று தூத்துக்குடி நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போதைக்கு இருவழிதான். எதிரே ஒரு டிரெய்லர் வந்தால் டூவீலர்க்காரர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். வடக்கே நால்வழி முடிய முடிய, அதில் வேகமாக வரும் லாரியும் பஸ்ஸும் எங்கே வந்து இறங்கும்? நம் வாசலில். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இந்தச் சாலையும் அகலமாகத்தான் போகிறது. ஆக வேண்டும் என்றுதான் நாமும் கேட்கிறோம். எப்படி ஆக வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

முதலில், சாலை நமக்கு ஏன் வேண்டும்?

சரக்குப் போக்குவரத்து என்றதும் கன்டெய்னர், துறைமுகம் என்று யாருக்கோ உள்ள விஷயமாகத் தோன்றும். நம் வீட்டுச் சரக்கு என்ன? நெல். 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். குறுவை அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பிடித்த மூட்டைகளை ஏற்றிப் போக லாரி வரவில்லை. மூட்டை நகராததால் அடுத்த நெல்லைப் பிடிக்க இடம் இல்லை. மழை வந்தது. நெல் முளைத்தது. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் வாங்க மாட்டோம் என்கிற விதி ஒரு பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் நெல் ஆவி விடுவது ஒரு பக்கம். அதற்கு நிர்வாகக் காரணங்கள் பல உண்டு, சாலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு லாரி ஒரு நாளில் இரண்டு நடை போவதும் ஒரு நடையோடு நிற்பதும் சாலையைப் பொறுத்ததுதானே? அந்த இரண்டாவது நடையில்தான் யாரோ ஒருவரின் நெல் மழைக்கு முன் கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது.

வேதாரண்யத்து உப்பும் முல்லைப் பூவும் இந்த வழியாகத்தான் வெளியே போகின்றன. கோடியக்கரை மீனும் முத்துப்பேட்டைத் தேங்காயும் அப்படியே. பூவும் மீனும் காத்திருக்குமா? திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கும் போகும் 108 வண்டி காத்திருக்கலாமா? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது சாலை முழுக்கத் தென்னை மரமும் மின்கம்பமுமாகக் கிடந்தன. வெளியிலிருந்து வந்த குடிநீரும் அரிசியும் மின்கம்பங்களும் இந்த ஒற்றைச் சாலையைத் திறந்த பிறகுதான் நம்மிடம் வந்தன. அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகளே வெட்டித் திறந்தார்கள். அந்த வாரத்தை அனுபவித்தவர்களிடம் சாலை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சாலை வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. ஆனால் போடுகிறவர்கள் எப்படிப் போட்டாலும் சரி என்று இருப்பவர்களோடும் நான் இல்லை. காரணம், நாம் இருப்பது டெல்டா.

நம் ஊரின் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? நீடாமங்கலத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அதிலிருந்து முள்ளியாறு, மரக்காக்கோரையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு என்று கிளைகள். இவற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், வயல். வயலில் மிஞ்சியது வடிகாலுக்கு. எல்லாம் கடைசியில் கிழக்கிலும் தெற்கிலும் கடலையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் போய்ச் சேர வேண்டும். இந்தத் தண்ணீரின் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது எது? கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆறுகளுக்குப் பாலம் உண்டு. பெயர் இல்லாத வடிவாய்க்கால்களுக்கு? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

நவம்பரில் நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் ஏதாவது ஒரு சிறுபாலத்தின் மேல் நின்று பாருங்கள். மேற்குப் பக்க வயலில் சம்பாப் பயிரின் நுனி மட்டும் தெரியும். கிழக்குப் பக்க வயலில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ளது இந்தத் தார்ச்சாலை ஒன்றுதான். பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் குழாய். அதன் வாயில் வெங்காயத்தாமரை மெத்தை மாதிரி அடைத்திருக்கும். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் பையும் வைக்கோலும். தண்ணீர் அந்த மெத்தைக்கு அடியில் கசிந்துதான் வெளியே போகும். நட்டு முப்பது நாள் ஆன பயிர் எத்தனை நாள் அப்படி மூழ்கிக் கிடக்கும்? ஒரு வாரம் தாண்டினால் அழுகல்தான். நடவு ஆள் கூலி, உரம், கூட்டுறவுக் கடன் எல்லாம் அந்தக் குழாய் வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இப்போதைய இருவழிச் சாலையே இப்படி என்றால், நால்வழி வரும்போது என்ன ஆகும்? அகலம் கூடும். மழையில் மூழ்கக் கூடாது என்பதற்காக உயரமும் கூடும். உயர்ந்த சாலை என்றால் வெள்ளத்துக்கு அது கரை. குழாயின் நீளமும் இரண்டு மடங்காகும். நீளமான குழாய்க்குள் அடைத்ததை யார் போய் எடுப்பது? இன்றைக்கு ஊர்க்காரர்களே கழி வைத்துக் குத்தி விடுகிறார்கள். நாளைக்கு அந்தக் கழியும் எட்டாது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். நம் டெல்டாவில் எந்தச் சாலையை அகலப்படுத்தினாலும், வண்டிக்குக் கணக்குப் போடும்போதே தண்ணீருக்கும் கணக்குப் போட வேண்டும். குழாய் இருக்கும் இடத்தில் ஆள் நின்று தூர்வாருகிற அளவுக்குப் பெட்டிப் பாலம் வேண்டும். வரைபடத்தில் இருக்கும் வாய்க்காலுக்கு மட்டும் விட்டால் போதாது. கிராம நிர்வாக அலுவலரின் படத்தில் வராத, ஆனால் மழைக்குத் தண்ணீர் தானாக ஓடும் தாழ்வுகளுக்கும் வழி விட வேண்டும்.

இது முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று சிலர் நினைக்கலாம். தண்ணீரை மறந்தால் சாலைக்கு என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குச் சரக்கு லாரிகள் நகர நெரிசலில் சிக்காமல் போக ஒரு பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். நல்ல திட்டம்தான். சாலையின் தூண்கள் கூவம் ஆற்றுக்குள் வந்தன. வெள்ளம் போக இடைஞ்சல் என்று சொல்லி 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கு, வாதம், அரசியல். கூவத்தில் பாதியில் நின்ற தூண்களைச் சென்னைக்குப் போன நாம் எல்லோரும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். கடைசியில் திட்டத்தை மாற்றி, இரண்டு அடுக்கு மேம்பாலமாக, 20 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளத்தில், 5,800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2022 மே 26-ஆம் தேதி பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இரண்டு அடிக்கல்லுக்கும் நடுவே 13 வருடம். அத்தனை வருடமும் துறைமுக லாரிகள் நெரிசலில்தான் நின்றன. நிறுத்தியது சரியா தவறா என்பதில் கட்சிக்கு ஒரு கருத்து இருக்கும். ஆற்றைப் பற்றிய கேள்வியை வரைபடம் போடும்போதே முழுசாகத் தீர்த்திருந்தால் அந்த நிறுத்தத்துக்குக் காரணமே கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் கொடுத்து வெண்ணாறு உபவடிநிலத்தைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகுகளைப் புதுப்பிக்கும் வேலை. வெள்ளமும் கடல்மட்டமும் கூடப் போகிற காலத்துக்கு டெல்டாவைத் தயார் பண்ண வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தக் கடனை அடைப்பது நாம். ஒரு துறை கடன் வாங்கி ஆற்றை அகலப்படுத்த, இன்னொரு துறை அதன் குறுக்கே சின்னக் குழாயைப் பதித்தால் அர்த்தம் என்ன? நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும் நீர்வளத் துறைப் பொறியாளரும் மழைக்காலத்தில் ஒருமுறை சேர்ந்து நடந்து பார்த்துவிட்டுப் படத்தில் கையெழுத்துப் போடட்டும். வெயில் காலத்தில் ஜீப்பில் போய்ப் பார்த்தால் எல்லா வாய்க்காலும் மேடாகத்தான் தெரியும்.

சுரங்கப்பாதை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நால்வழி வந்தால் நடுவில் தடுப்புச் சுவர் வரும். வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம் என்று உள்ளவர்கள் நம்மில் பாதிப் பேர். டிராக்டரும் அறுவடை மெஷினும் ஆடு மாடும் எப்படிக் கடப்பது? "சப்வே போட்டுத் தருகிறோம்" என்பார்கள். ரயில்வே சப்வேக்கள் மழையில் எப்படி இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். அடி தோண்டினால் ஊற்று வரும் மண்ணில் பள்ளமாகப் பாதை போட்டால் அது குளம்தான். சாலையை உயர்த்தி, அதன் அடியில் தரைமட்டத்தில் வழி விடட்டும். அறுவடை மெஷின் நுழையும் உயரம் இருக்கட்டும்.

அடுத்து நிலம். இதைப் பேசும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் கால் ஏக்கர் கேட்பது சின்ன விஷயமா? திருவையாறு புறவழிச்சாலைக்காகப் பயிர் நின்ற வயலில் மண் அடித்தபோது விவசாயிகள் வயலில் இறங்கிப் போராடியதைப் பார்த்தோம். கதிர் வரும் வரை பொறுத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அன்று மனம் கேட்டது. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி. இழப்பீடு 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் கணக்குப்படி. 1956 சட்டத்தின் '3ஏ' அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கலாம், நேரில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த 21 நாளைத் தெரியாமல் விட்டுவிட்டு, பிறகு மறியல் பண்ணிப் பிரயோஜனம் குறைவு. உங்கள் பட்டா, உட்பிரிவு, கூட்டுப்பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதை இப்போதே சரிபார்த்து வையுங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் வீடுகள் எத்தனை!

நிலம் சொந்தமாக இல்லாதவர்களை யார் பார்ப்பது? நம் பக்கத்தில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகச் சாகுபடி செய்யும் குத்தகைதாரர்கள் நிறையப் பேர். நடவுக்கும் களை எடுப்புக்கும் போகும் பெண்கள் அவர்களை விட அதிகம். 2013 சட்டம், பாதிக்கப்படும் குடும்பம் என்பதில் மூன்று வருடம் அங்கே பிழைத்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. குத்தகைப் பதிவு இல்லாதவர்கள் தாசில்தார் அலுவலகத்தில் இப்போதே பதிவு செய்ய முயலுங்கள். ஆவணம் கையில் இல்லாதவருக்கு எந்தச் சட்டமும் சீக்கிரம் உதவுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, சாலையை அகலமாக்கினால் மட்டும் நெரிசல் தீர்ந்துவிடுமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி ஃப்ரீவேயை 2008-இல் விரிவாக்கினார்கள். சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில வருடங்களிலேயே அலுவலக நேரத்துப் பயணம் மறுபடி மெதுவாகிவிட்டது. இடம் கிடைத்ததும் புதிய வண்டிகள் வந்து நிரப்பிவிட்டன. நம் சாலையை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எல்லாச் சரக்கையும் லாரியிலேயே ஏற்றுவோம் என்று இருந்தால் எந்தச் சாலையும் போதாது.

நமக்கு ரயில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி ஜங்ஷன். திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-இல் ரயில் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு கேட்டிலும் ரயிலை நிறுத்தி, ரயிலில் வந்த ஆளே இறங்கி மூடித் திறந்த காலத்தையும் பார்த்தோம். அகஸ்தியம்பள்ளிக்கு 37 கி.மீ. அகலப்பாதையில் 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி மறுபடி ரயில் வந்தது. 42 வேகன் கொண்ட ஒரு சரக்கு ரயிலில் 2,000 டன் நெல் போகிறது. லாரிக்கு 20 டன் என்று வைத்தால் 100 லாரி. நூறு லாரி நம் கடைத்தெரு வழியாகப் போகாமல் இருந்தால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்டும். உப்பும் நெல்லும் தூரத்துக்கு ரயிலில் போகட்டும், பூவும் மீனும் காய்கறியும் 108 ஆம்புலன்ஸும் சாலையில் போகட்டும். இதைச் சாலைத் திட்டத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் பங்குக்கும் கொஞ்சம் இருக்கிறது. தார்ச்சாலையில் நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வைக்கிறோம். இருட்டில் டூவீலர் அதில் ஏறி விழுகிறது. உலர்களம் இல்லாத குறைதான் காரணம், அதனால் ஊராட்சிக்கு ஒரு களம் வேண்டும் என்று விடாமல் கேட்போம். அது வரும் வரை பொழுது சாய்ந்ததும் கல்லை எடுத்துவிடலாமே. வடிவாய்க்காலை மூடிக் கடைக்குப் படி கட்டுவதையும் குப்பையை மதகு வாயில் கொட்டுவதையும் செய்வது வெளியூர்க்காரர்கள் இல்லை.

இனி உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை, சாலையோரத்தில் எந்தெந்தச் சிறுபாலம் அடைத்துக் கிடக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் போக வழியே இல்லை, எந்த ஊரில் வயலுக்குக் கடக்கும் வழி வேண்டும் என்று எங்களுக்கு எழுதுங்கள். ஊர், வாய்க்காலின் பெயர், பக்கத்து அடையாளம் இருந்தால் போதும். செல்போனில் எடுத்த ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் எடுத்த பழைய படம் வைத்திருப்பவர்கள் தேடி அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஊர்வாரியாகத் தொகுத்து, கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்போம். ஒரு பிரதியை நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் இன்னொன்றை நீர்வளத் துறைக்கும் அனுப்புவோம். கிடைக்கும் பதிலை இதே பக்கத்தில் வெளியிடுவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் உங்கள் கடிதம் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்